சத்தமில்லாத பை

பையைக் காதோடு ஒட்டிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஜிப்பை இழுக்கிறார். மெதுவாக ஒரு முறை, அவசரமாக ஒரு முறை. கண்ணைத் திறக்காமலே, "இது கத்துது" என்று சொல்லிவிட்டு அடுத்த பைக்குக் கை நீட்டுகிறார்.

கடைக்காரர் பொறுமைசாலி. பயணப் பெட்டி, பள்ளிப் பை, கேமரா பை எல்லாம் விற்று விற்று, மனிதர்களின் விதவிதமான கிறுக்குகளைப் பார்த்துப் பழகியவர். ஆனாலும் அவருக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? "ஏம்மா, பை வாங்க வந்தீங்களா, கச்சேரி கேக்க வந்தீங்களா?" என்றார். விற்பனைப் பெண்கள் இருவரும் சிரிப்பை அடக்க, குனிந்து எதையோ தேடுவதுபோல நடித்தார்கள். அந்தக் கடையில் அவருக்குப் பெயர் 'காதுக்காரம்மா'. அவர் தெருமுனையில் திரும்பும்போதே, "காதுக்காரம்மா வர்றாங்க, மேல்தட்டுல இருக்கறதையும் இறக்கிடு" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிவிடுகிறாள்.

ஐம்பதை ஒட்டிய வயது. முழுக்கை வைத்த தொளதொளப்பான சாம்பல் நிறச் சட்டை. வளையல் இல்லை, வாசனை எண்ணெய் இல்லை. நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கிறார். நடந்தால் காலடி கேட்காத ரப்பர் செருப்பு. பக்கத்தில் வந்து நின்றால்கூட, அவராக இருமினால்தான் ஆள் இருப்பது தெரியும். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "எழுதறதுக்கு என்ன இருக்கு தம்பி? பை வாங்கப் போறேன், வேணும்னா கூட வாங்க" என்றார். போனேன்.

கொண்டுவந்த துணி மூட்டையை அவர் மேஜைமேல் அவிழ்த்தார். குளியல் துண்டுகளில் சுற்றிய மூன்று பிலிம் கேமராக்கள். இரண்டு சாதாரணமானவை, கண்ணருகே தூக்கிப் பார்ப்பவை. மூன்றாவது, மேலும் கீழுமாக இரண்டு கண் வைத்த பழைய பெட்டிக் கேமரா. அதை வயிற்றோடு வைத்துக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். கூட இரண்டு லென்ஸ்கள். ஒன்று மங்கலான வெளிச்சத்துக்கு. மற்றொன்று மிக அருகில் போய் எடுக்க.

அந்த இரண்டாவது லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்த கடைக்காரர், "பூச்சி, பூவு எல்லாம் எடுப்பீங்களோ?" என்றார்.

"விரல் எடுப்பேன்."

"விரலா? யாரு விரலு?"

"சின்ன விரல்" என்று சொல்லி, லென்ஸை வாங்கித் துண்டில் சுற்றினார். கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவர் கேட்காததைச் சொல்லிவிடுகிறேன். இந்த அம்மா, பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், பல்லைக் காட்டாமல் உட்காரச் சொல்லி எடுக்கும் படங்கள். அது பிழைப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இறந்து பிறந்தால், அல்லது பிறந்து சற்று நேரத்தில் இறந்தால், பெற்றவர்கள் விரும்பினால், போய் அந்தக் குழந்தையைப் படம் எடுத்துக் கொடுக்கிறார். அது பிழைப்பு இல்லை. அதற்கு என்ன பெயர் என்று அவருக்கும் தெரியவில்லை.

முதல் தடவை ஒரு நர்ஸ் தெருவைக் கடந்து ஓடிவந்து, "அக்கா, ஒரு குழந்தையப் போட்டோ எடுக்கணும்" என்றாளாம்.

"பிறந்த குழந்தையா?"

"பிறந்துச்சு."

அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். இவர் கையில் கிடைத்த கேமராவோடு போனார். அன்றிலிருந்து அந்த நர்ஸ் கூப்பிட்டால் போகிறார். அவளைப் பார்த்து நானும் அவரை அக்கா என்றே கூப்பிடப் பழகிவிட்டேன்.

ஏன் பிலிம், ஏன் மூன்று கேமரா என்று கேட்டேன். கடைக்கு வெளியே படியில் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இப்ப வர்ற கேமராவுல பின்னாடி ஒரு திரை இருக்கு. எடுத்த உடனே காட்டுங்கம்பாங்க. பார்த்துட்டா பார்த்ததுதான், அழிக்க முடியுமா? பிலிம்னா நான் கழுவணும், காயப்போடணும். அதுக்குள்ள அவங்களும் கொஞ்சம் காயணும். சில பேரு மறு வாரமே வந்து வாங்கிட்டுப் போவாங்க. சில பேரு அடுத்த குழந்தை பள்ளிக்கூடம் போனப்புறம் வருவாங்க. வராதவங்களும் உண்டு."

"சரி, மூணு எதுக்கு?"

"ஒண்ணுல கறுப்பு வெள்ளை. அந்தக் குழந்தைங்களுக்கு உதடு கறுத்துப் போயிடும் தம்பி. கறுப்பு வெள்ளையில அது தெரியாது, தூங்கற மாதிரி இருக்கும். இன்னொண்ணுல கலர். தலைமுடி யாரு மாதிரின்னு பின்னாடி ஒரு நாள் கேப்பாங்க, அப்பத் தேடினா கிடைக்காது. இந்த ரெண்டு கண்ணுப் பெட்டி, அம்மாவும் புள்ளையுமா எடுக்கறதுக்கு. கேமராவ மூஞ்சிக்கு நேராத் தூக்கினா துப்பாக்கிய நீட்டற மாதிரி இருக்குது. இதுன்னா நான் தலையைக் குனிஞ்சுக்கலாம். அந்த அறையில தலையைக் குனியறதுதான் மரியாதை."

இத்தனையும் ஒரே பையில் போக வேண்டும். போகும் இடம் அப்படி. அங்கே வைக்க மேஜை கிடையாது. பை தரையில் தானாக நிற்க வேண்டும். ஒரு கேமராவை எடுக்கும்போது மற்றொன்றோடு இடிக்கக் கூடாது.

முதலில் வைத்திருந்தது ஒரு தகரப் பெட்டி. உள்ளே பஞ்சு மெத்தை போட்டு, கேமராவுக்கு ஒரு கீறல் விழாமல் காப்பாற்றும் கெட்டிக்காரப் பெட்டி. ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் நுழைந்தபோது, சுவரோரம் நின்றிருந்த தகப்பன் பெட்டியையே பார்த்தான். நீளத்தைப் பார்த்தான், அகலத்தைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்து, "இதுலயா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது இவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "இல்லப்பா, இது கேமரா" என்றார். அவன் தலையாட்டினான். ஆனால் படம் எடுத்து முடிக்கும்வரை அவன் கண் பெட்டியைவிட்டு அகலவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைப் பரண்மேல் போட்டார்.

அடுத்து வாங்கியது தோளில் மாட்டும் பை. உள்ளே தடுப்புகள் இருக்கும். வேண்டியபடி இடம் மாற்றிக்கொள்ளலாம். தடுப்புகளைப் பிடித்து வைப்பது, குழந்தைகளின் செருப்பில் இருக்குமே, இழுத்தால் பர்ரென்று கிழியும் ஒட்டுப்பட்டை, அது. மூடியிலும் அதுதான். வெகு காலம் அந்தப் பையோடுதான் போய்வந்தார்.

"ஒரு பொண்ணு. சின்ன வயசுதான். குழந்தையை மடியில வச்சிட்டு உக்காந்திருந்தா. அழல. அழுது முடிச்சிருந்தா. அறையில ஊசி விழுந்தா கேக்கும். நான் விரல் எடுக்கற லென்ஸை மாட்டலாம்னு மூடியைத் திறந்தேன். பர்ர்ருன்னு ஒரு சத்தம் தம்பி, துணியக் கிழிச்ச மாதிரி. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? சட்டுனு..."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, மடியிலிருந்த துணி மூட்டையின் இரு பக்கமும் மெல்ல வைத்துக் காட்டினார். குழந்தையின் காதுகளைப் பொத்தும் கைகள்.

"'முழிச்சுக்குவான்'னு சொன்னா. சொல்லிட்டுத்தான் அவளுக்கே ஞாபகம் வந்துச்சு. அப்புறம் அவ அழுத அழுகை..."

மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். அந்தப் பையை அதற்குப் பிறகு தொடவில்லை. குளியல் துண்டில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். அது ஆஸ்பத்திரிக் கதவின் கைப்பிடியில் இடித்து, விரல் எடுக்கும் லென்ஸின் முன்வளையம் நசுங்கியது. ஆகவே பை வேட்டை.

அவர் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். எதையும் சிரிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகிற மனிதர். "இவளுக்குப் பை பாக்கறதும் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறதும் ஒண்ணு சார். உயரம் சரியா இருக்கும், நிறம் சரியா இருக்கும், கடைசியில வாயத் தொறந்தா இடிக்கும்" என்றார். ஜிப் கத்துகிறது. கொக்கி கிணுகிணுக்கிறது. காந்தம் டொக் என்கிறது. முதுகுப் பையைக் கழற்றி மாட்டுவதற்குள் அறையே இவரைத்தான் பார்க்கும்.

கடைக்காரர் ஒரு நாள், "இதப் பாருங்கம்மா, உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று ஒரு பையைக் கொண்டுவந்தார். மெத்தென்ற துணி, ஏகப்பட்ட அறைகள், தரையில் ஆடாமல் நின்றது, மூடியைத் திறந்தால் மூச்சு விடவில்லை. கேமராக்கள் மூன்றும் கச்சிதமாக உட்கார்ந்தன. அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் பையைத் திருப்பினார். பக்கவாட்டில் பால் புட்டி வைக்க ஒரு நீள அறை; வெளிப்புறத்தில் அச்சடித்த வாத்துக் குஞ்சுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கான பை.

கேமராக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். "நல்ல பைங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். பையின் வாத்துகளை ஒருமுறை தடவிவிட்டு, அதை அவரே கொண்டுபோய்த் தட்டில் வைத்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் இப்படிக் கடை கடையாக ஏறி இறங்கிய நாட்களில் அந்த வேலையையே நிறுத்தியிருந்தார்.

ஒரே மகள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள், பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்திருந்தாள். வந்த புதிதில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கைகால் கழுவிவிட்டு, மகளின் வயிற்றில் கை வைத்து, "உதைக்குதா?" என்று கேட்டார். மகள் அந்தக் கையைப் பிடித்து எடுத்து, தலையணைமேல் வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நீ அங்க தொட்டுட்டு வந்து இங்க தொடற."

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது என்றார். "கோவம் வந்திருந்தா நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவ சொன்னதுல எனக்கும் கொஞ்சம் பயம் ஒட்டிக்கிச்சு. படிச்சவ, மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனா வயித்துல இருக்கறப்ப யாருக்குத்தான் தைரியம் இருக்கு?" குழந்தை பிறக்கும்வரை போவதில்லை என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். அதற்குப் பிறகு ஒரு நாள் ஸ்டூடியோவில் ஒருவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நர்ஸின் எண். எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது. "மேசையில அதுபாட்டுக்கு அதிர்ந்துகிட்டே நகருது. விழுந்துடப் போகுதுன்னு நடுவுல தள்ளி வச்சேன். எடுக்கல" என்றார்.

பிறகு நர்ஸ் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். அன்று அந்தக் குழந்தையைத் தகப்பனே தன் போனில் எடுத்தானாம். குழந்தையை நேராகப் பார்க்காமலே எடுத்திருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஒன்றிலும் முகம் இல்லை. மறுநாள் வந்து நர்ஸிடம், "உங்க போன்ல ஏதாவது இருக்குமா சிஸ்டர்? இதுல போர்வைதான் தெரியுது" என்று கேட்டிருக்கிறான். அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

அதைச் சொன்ன அக்கா மறுநாள் மறுபடியும் பைக் கடைக்குப் போனார். "உண்ணாவிரதம்னு சொல்லிட்டு உலை வைக்கறா பாருங்க" என்றார் வீட்டுக்காரர். அன்று அந்தச் சிரிப்பு அவர் உதட்டோடு நின்றுவிட்டது.

பை கடைசியில் கிடைத்தது, தேடாத இடத்தில். வீட்டுக்காரர் ஸ்பேனர் வாங்க இரும்புக் கடைக்குப் போனார். துணைக்கு இவரும் போனார். அங்கே தரையில், குழாய் வேலை செய்பவர்கள் தூக்கிப்போகும் கித்தான் பை ஒன்று நின்றிருந்தது. அழுக்குப் பச்சை நிறம். அடியில் தட்டையான பலகை, வாயைச் சுற்றிக் கம்பி வளையம். மூடி கிடையாது. யாரும் பிடிக்காமலே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அவர் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கையை உள்ளே விட்டார், எடுத்தார். விட்டார், எடுத்தார்.

"திறக்கறப்ப சத்தம் வரக் கூடாதுன்னு ஊரெல்லாம் அலைஞ்சேனே! திறந்தே கிடந்தா சத்தம் எங்கருந்து வரும்?"

"அதத்தான் நானும் கல்யாணமான நாள்லருந்து உன் வாயப் பத்திச் சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர். அவர் முதுகில் ஓர் அடி விழுந்தது. நெடுநாளைக்குப் பிறகு விழுந்த அடி என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

பழைய கம்பளி ஒன்றைக் கிழித்து உள்ளே அறை அறையாகத் தைத்தார். கேமராவுக்கு ஓர் அறை, லென்ஸுக்கு ஓர் அறை, நடுவில் உலோகம் உலோகத்தைத் தொடாதபடி இரட்டைத் துணி. தைத்து, அடுக்கி, ஸ்டூடியோவின் மூலையில் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மகள் கண்ணில் படவேண்டாம் என்று ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, எதிரே இருந்த அதே ஆஸ்பத்திரியில், விடிந்து சற்று நேரத்தில். நான் முற்பகலில் பார்க்கப் போனேன். மருமகன் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். மகள் சோர்ந்து படுத்திருந்தாள், வீட்டுக்காரர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அக்கா ஜன்னலோரம் நின்று, பேத்தியை இடது தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் சட்டையில் கொஞ்சம் பால் கக்கியிருந்தது. "பாருங்க தம்பி, பாட்டி சட்டைன்னு தெரிஞ்சே கக்கறா" என்றார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

கதவு கொஞ்சம் திறந்தது. அந்த நர்ஸ். உள்ளே வரவில்லை. அக்காவைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், தவறான நேரத்தில் வந்துவிட்டவள்போலப் பின்வாங்கினாள்.

அக்காவின் கை பேத்தியின் முதுகில் தட்டுவதை நிறுத்தியது.

மகள் கட்டிலிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரும்மா?" என்றாள்.

"நர்ஸ்தான். ஒண்ணுமில்ல, நீ தூங்கு."

"யாருக்கும்மா? அந்த நீலப் போர்வை அக்காவுக்கா?"

நர்ஸ் கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

மகள் மேற்கூரையைப் பார்த்தபடி பேசினாள். "வலி எடுத்ததும் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் வராண்டாவுல நடக்கச் சொன்னாங்க. வலி வர்றப்பல்லாம் மாத்தி மாத்திக் கையப் பிடிச்சுக்கிட்டோம். எனக்குத் தண்ணி கொடுத்தாங்க." தலையைத் திருப்பிக் குழந்தையைப் பார்த்தாள். "ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தாங்க. எங்கிட்ட சொன்னாங்க."

வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு, எதற்குச் சாத்தினோம் என்று தெரியாதவர்போலத் திறந்தார்.

"போம்மா" என்றாள் மகள்.

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்டா."

"அதான் பிறந்துட்டாளே. போ." கையை நீட்டிக் குழந்தையை வாங்கி, தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அணைத்த பிறகுதான் அடுத்ததைச் சொன்னாள். "ஆனா இன்னைக்குத் திரும்பி இங்க வராதே. நாளைக்கு வா."

அக்கா தலையாட்டினார். மகளின் நெற்றியைத் தொடக் கை எடுத்தவர், தொடாமல் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்காரர் எதிரே ஸ்டூடியோவுக்குப் போய்ப் பையைத் தூக்கிவந்தார். வாசல் காவலாளி, "எந்த மாடியில குழாய் ரிப்பேரு?" என்று கேட்டாராம். "மூணாவது" என்று சொல்லி ஏறி வந்துவிட்டேன் என்றார். வராண்டாவில் ஒரு குடும்பம் குழந்தையோடு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது; அவர்களில் ஒருவரும் பையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா சுவரோரம் குனிந்து, மூன்று கேமராவிலும் பிலிம் ஓடுகிறதா என்று பார்த்தார். லென்ஸ் மூடிகளை முன்னதாகவே கழற்றிப் பைக்குள் போட்டார். பையைத் தூக்கினார். நடந்தபோது அதற்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அந்தத் தாய் இருந்த அறைக்குப் பக்கத்தில் நர்ஸ்கள் தங்கும் சின்ன அறை. அங்கே குழாயில் கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். நர்ஸ் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பையன்க்கா. அந்தம்மா மடியிலதான் வச்சிருக்காங்க. நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன், சரின்னாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கதவுவரை போனார். கைப்பிடியில் கை வைத்தவர் நின்றார். தலையைத் திருப்பி, தன் இடது தோளை முகர்ந்தார். பேத்தி கக்கிய பாலின் ஈரம் இன்னும் காயவில்லை.

திரும்பி வந்தார். ஆணியில் தொங்கிய நர்ஸின் வெள்ளைக் கோட்டைக் காட்டி, "இதக் கொஞ்சம் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். அதை அணிந்து, கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாக மேலே வந்து, கழுத்துப் பொத்தானையும் பூட்டினார். மறுபடி ஒருமுறை தோளை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.